முடிவு தெரியாமல் எழுதப்பட்ட பக்கங்கள்: ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பும் நம் மாணவர்களும்

கேள்வி இதுதான்: பள்ளி வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரும் நாஜி ஆட்சியும் ஏற்கெனவே இடம்பெற்றிருக்க, ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் நாட்குறிப்பை நம் மாணவர்கள் தனியே உட்கார்ந்து வாசிக்க வேண்டிய தேவை என்ன? பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் மனத்தை அது வீணாகப் பாரமாக்கிவிடாதா? பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில் எழுந்த கேள்வி என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. துன்பத்தின் நடுவிலும் நம்பிக்கை இழக்காதிருக்க அந்தச் சிறுமி கற்றுத்தருகிறாள் என்பது ஒன்று. யூதப் படுகொலையின் கொடுமையை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டாவது பதில் நூலைப் பிரித்துப் பார்த்தவுடனே நிற்காமல் போகிறது. ஏனென்றால் அந்த நாட்குறிப்பில் வதைமுகாம் இல்லை. அதன் கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1 அன்று எழுதப்பட்டது. ஒளிவிடத்தில் இருந்த எட்டுப் பேரும் பிடிபட்டது ஆகஸ்ட் 4 அன்று. ஆஷ்விட்ஸ், பெர்கன்-பெல்சன் என்ற நாஜி முகாம்களைப் பற்றி அறிய விரும்புகிறவர் வேறு நூல்களைத்தான் நாட வேண்டும். முதல் பதிலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நூலில் உள்ளதில் பாதியை அது மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

நான் சொல்ல விரும்பும் காரணம் வேறு. பாடநூலை எழுதுகிறவருக்குப் போர் எப்படி முடிந்தது என்று தெரியும். எந்த நிகழ்ச்சி பெரியது, எது சிறியது, எது எதற்குக் காரணமாயிற்று என்றெல்லாம் முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்த்து அவர் வரிசைப்படுத்துகிறார். அதைப் படிக்கும் மாணவருக்கு நடந்ததெல்லாம் நடந்தே தீரவேண்டியிருந்தது போலத் தோன்றிவிடுகிறது. நாட்குறிப்பு எழுதுகிறவருக்கோ நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. வாசிக்கும் நமக்குத் தெரியும், எழுதியவளுக்குத் தெரியாது என்ற அந்த இடைவெளியில் நின்று ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கப் பழகுவதுதான் வரலாற்றைக் கற்பதன் தொடக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தப் பழக்கத்தைப் பாடநூலால் தர இயலாது. அதைப் பாடநூலின் குறை என்றும் சொல்ல மாட்டேன், அதன் வேலை வேறு.

ஆன் 1929 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவள். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவள் தந்தை ஓட்டோ ஃபிராங்க் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, ஜாம் கெட்டிப்படுவதற்கான பெக்டின் என்ற பொருளை விற்கும் நிறுவனம் ஒன்றை ஆம்ஸ்டர்டாமில் நடத்தத் தொடங்கினார். தாய் எடித்தும், அக்காள் மார்கோட்டும், ஆனும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்தையும் பிடித்துக்கொண்டது. அதன்பின் வந்த தடைகளை ஆன் பட்டியலிடும் பக்கத்தை மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும், மிதிவண்டியை ஒப்படைத்துவிட வேண்டும், டிராமில் ஏறக்கூடாது, பிற்பகல் 3 மணி முதல் 5 மணிக்குள்தான் கடைக்குப் போகலாம், இரவு 8 மணிக்கு மேல் தெருவில் நடமாடக்கூடாது, அந்த நேரத்துக்கு மேல் சொந்தத் தோட்டத்தில்கூட உட்காரக்கூடாது, யூதப் பிள்ளைகள் யூதப் பள்ளியில்தான் படிக்கலாம். இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொரு தடையும் 'இதோடு போயிற்று' என்று பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவில், ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. படுகொலை என்ற சொல்லைக் கேட்டதும் முகாமையும் முள்வேலியையும் மட்டுமே நினைக்கும் மாணவருக்கு, அது மிதிவண்டியிலும் பள்ளிக்கூட வாசலிலும் தொடங்கியது என்பதை இந்த ஒரு பக்கம் காட்டிவிடுகிறது.

1942 ஜூலை 5 அன்று, பதினாறு வயது மார்கோட்டின் பெயருக்கு, ஜெர்மனிக்கு வேலைக்கு அனுப்பப்படுவதற்கான அழைப்பாணை வந்தது. மறைந்து வாழ்வதற்கான ஏற்பாடுகளை ஓட்டோ முன்பே செய்துகொண்டிருந்தார். இப்போது காத்திருக்க வழியில்லாமல் மறுநாள் காலையிலேயே குடும்பம் வீட்டைவிட்டுப் புறப்பட்டது. யூதர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் சந்தேகம் வரும் என்பதால், ஆன் ஒன்றின் மேல் ஒன்றாக உள்ளாடைகளையும், இரண்டு சோடி காலுறைகளையும், உடைக்கு மேல் உடையாகவும் போட்டுக்கொண்டு, கோடை மழையில் நடந்து போனாள். பையில் அவள் முதலில் எடுத்துவைத்தது மூன்று வாரங்களுக்கு முன் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த அந்த நாட்குறிப்பேட்டை; பிறகு கூந்தல் சுருட்டிகள், கைக்குட்டைகள், பள்ளிப் புத்தகங்கள், ஒரு சீப்பு, சில பழைய கடிதங்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி அவசரத்தில் எதையெல்லாம் அள்ளிக்கொள்வாளோ அதையெல்லாம்தான் அவளும் அள்ளிக்கொண்டாள். எத்தனை நாள் என்று தெரிந்திருந்தால் வேறு எதையாவது எடுத்திருப்பாளோ என்ற கேள்வியை வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் உடனே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பிரின்சன்க்ராஹ்ட் கால்வாயோரம் 263-ஆம் எண் கட்டடத்தில், ஓட்டோவின் அலுவலகத்துக்குப் பின்புறமாக ஒட்டியிருந்த பகுதியில் அவர்கள் ஒளிந்துகொண்டார்கள். ஹெர்மன் வான் பெல்ஸ், அவர் மனைவி அகுஸ்தே, மகன் பீட்டர் ஆகியோர் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தார்கள். ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் மருத்துவர் நவம்பரில் வந்தார். வாசலை மறைக்க ஒரு புத்தக அலமாரி செய்து மாட்டப்பட்டது. கீழே கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியக்கூடாது என்பதால் பகல் முழுவதும் ஓசைப்படாமல் நடக்க வேண்டும், குழாயைத் திறக்கக்கூடாது, கழிப்பறையில் தண்ணீர் விடக்கூடாது. இப்படி 25 மாதங்கள்.

இந்த இடத்தில் ஒரு பதிவைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆனும் ஃபெஃபரும் ஒரே அறையில் இருந்தார்கள். அந்த அறையில் எழுதுவதற்கு ஒரு சிறு மேசைதான் உண்டு. ஃபெஃபர் பிற்பகலில் தூங்கும் இரண்டரை மணி முதல் நான்கு மணிவரை அது ஆனுக்கு. மற்ற நேரமெல்லாம் அவருக்கு. 1943 ஜூலை 13 தேதியிட்ட பதிவில், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாலை நான்கு மணி முதல் ஐந்தரைவரை மேசையைத் தரமுடியுமா என்று தந்தையின் ஒப்புதலோடு மிகப் பணிவாக அவரிடம் கேட்டதை அவள் எழுதுகிறாள். அவர் ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறார். தன் படிப்புதான் வேலை, அவளுடைய புராணக் கதை வாசிப்பும் பின்னல் வேலையும் வேலையே அல்ல என்பது அவருடைய வாதம். ஆன் பொறுமையாகப் பேசிப் பார்க்கிறாள், பிறகு கோபப்படுகிறாள், பிறகு தந்தையிடம் போகிறாள். ஓட்டோ பேசி முடித்தபின், வாரத்தில் இரண்டு நாள் ஐந்து மணிவரை மேசை அவளுக்குக் கிடைக்கிறது. வெளியே ஒரு கண்டமே எரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் ஒரு பதினான்கு வயதுப் பெண் ஒரு மேசைக்காக, அதாவது தன் எழுத்தும் படிப்பும் வேலைதான் என்று மற்றவர் ஒப்புக்கொள்வதற்காக, ஒரு முழுப் பதிவு நீளத்துக்குப் போராடியிருக்கிறாள். அண்ணன் தம்பியோடு ஒரே அறையைப் பங்கிட்டுக்கொண்டு, தேர்வுக்குப் படிக்க ஒரு மூலை கேட்டு வீட்டில் வாதாடும் மாணவிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. போர்க்காலம் என்பது நாள் முழுவதும் அச்சத்தில் உறைந்து கிடப்பது அன்று என்பதையும் மேசைத் தகராறு அதற்குள்ளும் நடக்கும் என்பதையும் இந்தப் பதிவு சொல்வதுபோல எந்தப் போர் வரலாறும் சொல்லி நான் படித்ததில்லை.

முடிவு தெரியாமல் எழுதுவது என்று மேலே சொன்னேனே, அதன் முழுக் கனமும் கடைசி மாதங்களின் பதிவுகளில் இறங்குகிறது. 1944 ஜூன் 6 அன்று நேசப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய செய்தி வானொலியில் வந்ததும் ஒளிவிடத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது போலாகிறது. ஓட்டோ செய்தித்தாளில் வந்த நார்மண்டி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, படைகள் முன்னேறும் இடங்களில் குண்டூசி குத்தி அடையாளம் வைத்தார். அந்த வரைபடமும், அதன் அருகே பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளும், 1960 முதல் அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டின் சுவரில் இன்றும் உள்ளன. ஜூலை 21 பதிவில், ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சியைப் பற்றிய பரபரப்போடு எழுதும் ஆன், அக்டோபரில் மறுபடியும் பள்ளிக்குப் போய்விடலாம் என்ற எண்ணமே தன்னை நிலைகொள்ளாமல் செய்கிறது என்கிறாள். ஆனால் அந்த அக்டோபரில் அவள் இருந்தது ஆஷ்விட்ஸ் முகாமில். நெதர்லாந்திலேயே யூதர்களைத் திரட்டி வைத்திருந்த வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட கடைசி ரயில், 1944 செப்டம்பர் 3 அன்று, அந்த எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

ஜூலை 21 பதிவை வாசிக்கும் மாணவர் என்ன செய்ய வேண்டும்? 'ஐயோ பாவம், அறியாமல் எழுதியிருக்கிறாளே' என்று இரங்குவது எளிது. ஆனால் அன்றைய நிலையில் அவளுடைய கணக்குத் தவறே இல்லை. நேசப் படைகள் முன்னேறிக்கொண்டிருந்தன, ஜெர்மானிய இராணுவத்துக்குள்ளேயே பிளவு தெரிந்தது, போர் அந்த ஆண்டே முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் படைத்தலைவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். அவளை அன்றைய அறிவின்படி நியாயமாகச் சிந்தித்த ஒருத்தியாக ஏற்றுக்கொண்டு, அப்படியானால் எது வேறுவிதமாக நடந்தது என்று தேடப் புறப்படும் மாணவர், ஆண்டுகளை மனப்பாடம் செய்வதிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டார்.

இந்த நாட்குறிப்பைப் பற்றிப் பலர் அறியாத ஒன்று, இது அப்படியே அன்றன்றைக்குக் கொட்டிவைக்கப்பட்ட எழுத்து அன்று என்பது. 1944 மார்ச் 28 அன்று, நாட்டைவிட்டு வெளியேறி லண்டனில் இயங்கிய நெதர்லாந்து அரசின் கல்வி அமைச்சர் கெரிட் போல்கெஸ்டெய்ன் வானொலியில் பேசியபோது, போர்க்கால வாழ்வைச் சொல்லும் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போருக்குப்பின் திரட்டப்போவதாகச் சொன்னார். அதைக் கேட்ட ஆன், தன் ஒளிவிட வாழ்வை ஒரு நூலாக ஆக்க முடிவு செய்தாள். மே மாதம் 20-ஆம் நாள் தொடங்கி, முந்தைய பதிவுகளைத் தனித்தாள்களில் புதிதாக எழுதினாள்: சிலவற்றை நீக்கினாள், சிலவற்றைச் சேர்த்தாள், மனிதர்களுக்குப் புனைபெயர் வைத்தாள், தொடக்கத்தில் பல கற்பனைத் தோழிகளுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் கிட்டி என்ற ஒரே தோழிக்கு எழுதியவையாக மாற்றினாள். பத்து வார காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள். கைதான அன்று அந்தத் தாள்கள் தரையில் சிதறிக் கிடந்தன. ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிவந்த அலுவலகப் பெண்கள் மீப் கீஸும் பெப் வோஸ்கெய்லும் அவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். மீப் அவற்றைப் படிக்காமலேயே தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, ஆன் இறந்தது உறுதியானபின் 1945 ஜூலையில் ஓட்டோவிடம் கொடுத்தார். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் அவர் ஒருவரே. மூல நாட்குறிப்பையும் திருத்திய தாள்களையும் இணைத்து அவர் தொகுத்த நூல் 1947 ஜூன் 25 அன்று டச்சு மொழியில் வெளிவந்தது.

மாணவர்களுக்கு எழுத்தைக் கற்பிக்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடக்கூடாது. தான் எழுதியதைத் திரும்பப் படித்து, வெட்டி, மாற்றி எழுதுவது தண்டனை என்று நினைக்கும் பிள்ளைகளிடம், பிடிபடும் அச்சத்துக்கு நடுவே ஒரு பதினைந்து வயதுப் பெண் யாரும் சொல்லாமலே அதைச் செய்தாள் என்று காட்ட முடியும். 1944 ஜனவரி 2 பதிவு இதற்கு நல்ல சான்று. பழைய பக்கங்களைப் புரட்டும் ஆன், தாயைப் பற்றித் தான் அவ்வளவு கடுமையாக எழுதியிருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, இப்படி வெறுப்பைக் கொட்டியது நான்தானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். தாயும் தானும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போனதில் தன் பங்கு எவ்வளவு என்று அளக்கப் பார்க்கிறாள். வளர்வது என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்பதை ஒரு மாணவி இங்கே கண்ணெதிரே பார்க்கிறாள்.

வரலாறு கற்பிக்கிறவர்களுக்கோ இந்தத் திருத்தத்தால் இன்னொரு பாடம் கிடைக்கிறது. அச்சிட்ட நூலில் 1942 அக்டோபர் 9 என்று தேதியிட்ட பதிவில், நண்பர்கள் கூட்டம் கூட்டமாக வெஸ்டர்போர்க்குக் கொண்டுபோகப்படுவதைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து அனுப்பப்படுகிறவர்கள் நச்சுவாயுவால் கொல்லப்படுவதாக ஆங்கிலேய வானொலி சொல்கிறது என்று ஆன் எழுதுகிறாள். அந்தப் பதிவு 1944-இல் அவள் திருத்தி எழுதிய தாள்கள் வழியாக நம்மிடம் வந்திருப்பது. அப்படியானால் அதில் உள்ளது 1942-இன் அறிவா, 1944-இன் அறிவா? ஓர் ஆவணத்தின் மேலே போட்டிருக்கும் தேதியும், அதை எழுதிய கை தாளில் பட்ட நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்று ஒருமுறை உணர்ந்த மாணவர், பிற்காலத்தில் கல்வெட்டையோ கடிதத்தையோ சாட்சியத்தையோ எடுத்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்.

இனி அந்த நம்பிக்கைப் பதிலுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் பிறகும் மனிதர்கள் உள்ளத்தில் நல்லவர்கள் என்றே நம்புவதாக ஆன் எழுதிய வரி, சுவரொட்டிகளிலும் பள்ளி விழாக்களிலும் தனியே எடுத்து மேற்கோளாக்கப்படுகிறது. அது 1944 ஜூலை 15 பதிவில் உள்ளது. அதே பத்தியில், உலகம் மெல்லமெல்லப் பாழ்நிலமாக மாறுவதைப் பார்ப்பதாகவும், தங்களையும் ஒருநாள் அழிக்கப்போகும் இடிமுழக்கம் நெருங்கி வருவதைக் கேட்பதாகவும், கோடிக்கணக்கானோரின் துன்பத்தை உணர்வதாகவும் அவள் எழுதுகிறாள். அதற்குப் பின்னும் வானத்தை நோக்கும்போது எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுவதாகச் சொல்கிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவளிடமிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கி எடுப்பது அவளுக்குச் செய்யும் அநீதி. மேலும், அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 3 பதிவில், போருக்கு அரசியல்வாதிகளும் முதலாளிகளும் மட்டும் பொறுப்பல்ல, சாதாரண மனிதனும் அதே அளவு குற்றவாளிதான், இல்லாவிட்டால் மக்கள் என்றோ எதிர்த்து எழுந்திருப்பார்கள் என்று அவள் எழுதியிருக்கிறாள். அழிக்கவும் கொல்லவும் தூண்டும் வெறி மனிதரிடம் உள்ளது என்றும் சொல்கிறாள். இந்த வரிகள் சுவரொட்டிகளில் வருவதில்லை. மாணவர்கள் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒரே மனத்தில் இரண்டும் இருந்தன. எது அவளுடைய இறுதிக் கருத்து என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை, ஏனென்றால் அவள் எழுதி முடிக்கவில்லை. 1945 பிப்ரவரியிலோ மார்ச்சிலோ பெர்கன்-பெல்சனில், மார்கோட் இறந்த சில நாட்களுக்குள் ஆனும் இறந்தாள். அந்த முகாம் ஏப்ரல் 15 அன்று விடுவிக்கப்பட்டது.

நாட்குறிப்பு ஒருதலைச் சாட்சியம் என்பதையும் மறைக்காமல் சொல்லித்தர வேண்டும். மேசை கொடுக்க மறுத்த அந்தப் பல் மருத்துவரை உலகம் அவள் வைத்த ஏளனமான புனைபெயரில், அவள் வரைந்த எரிச்சலூட்டும் மனிதராகவே அறியும். ஆனால் ஃபிரிட்ஸ் ஃபெஃபர் தன் மகனைப் பாதுகாப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருந்தவர். தான் நேசித்த பெண் யூதர் அல்லர் என்பதால், நாஜிகளின் 1935-ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டங்களின்படி அவரை மணக்கவும் முடியாமல் இருந்தவர். அதே நகரில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்க்காமலே ஒளிவிடத்தில் நாள் கடத்தியவர். 1944 டிசம்பரில் நொயெங்காமெ முகாமில் இறந்தார். அவர் ஒரு நாட்குறிப்பு எழுதியிருந்தால் அந்த மேசையைப் பற்றி என்ன எழுதியிருப்பார்? இந்தக் கேள்வியால் ஆன் மீது நமக்குள்ள அன்பு சிறிதும் குறையாது. ஒரு குரலை நம்பிக் கேட்கும்போதே அதற்கு எட்டாத மற்றக் குரல்களையும் நினைவில் வைக்கும் நேர்மை அதனால் கூடும்.

அதைப்போலவே, ஆனின் அனுபவம் எல்லா யூதப் பிள்ளைகளின் அனுபவமும் அன்று. குடும்பமாகச் சேர்ந்து ஒளிந்திருக்கவும், பங்கீட்டு அட்டைகளும் நூலகப் புத்தகங்களும் கொண்டுவந்து தருகிற துணிச்சலான மனிதர்களைப் பெறவும் மிகச் சிலருக்கே வாய்த்தது. நெதர்லாந்தில் அப்போதிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000 பேர் அளவுக்குக் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவில் வேறெங்கும் இந்த விகிதம் இவ்வளவு உயரவில்லை. எனவே இந்த நூலோடு இன்னொரு பிள்ளையின் எழுத்தையும் சேர்த்து வாசிப்பது நல்லது. போலந்தின் வூச் நகர யூதச் சேரியில் அடைபட்டிருந்த தாவித் சிரகோவியாக் என்ற இளைஞன் எழுதிய நாட்குறிப்பேடுகளில் ஐந்து மிஞ்சியுள்ளன. அங்கே பசிதான் எழுதுகிறது: ரொட்டியின் எடை, சூப்பின் அளவு, பங்கைத் தின்றுவிடும் தந்தையின் மேல் வரும் கோபம், 1942 செப்டம்பரில் தாயைப் பிடித்துக்கொண்டு போன நாள். 1943 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில் அவன் இறந்தான்.

ஜெர்மானிய முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில் தான்யா சவிச்சேவா என்ற சிறுமி பதினொன்று, பன்னிரண்டு வயதில் எழுதியது ஒன்பது சிறு பக்கங்களே. முதல் ஆறு பக்கங்கள் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் வீட்டில் இறந்த ஒருவரின் பெயரும் நாளும் நேரமும்: 1941 டிசம்பர் 28-இல் அக்காள், ஜனவரியில் பாட்டி, மார்ச்சில் அண்ணன், பிறகு தந்தையின் சகோதரர் இருவர், 1942 மே 13-இல் அம்மா. சவிச்சேவ் குடும்பம் இறந்துவிட்டது, எல்லோரும் இறந்துவிட்டார்கள், தான்யா மட்டும் மிச்சம் என்று அது முடிகிறது. ஆனால் அவளுடைய இன்னோர் அக்காளும் இன்னோர் அண்ணனும் நகரத்துக்கு வெளியே உயிரோடுதான் இருந்தார்கள். போருக்குப் பிறகும் வாழ்ந்தார்கள். அது தெரியாமலே தான்யா 1944-இல் நோயில் இறந்தாள். அவள் எழுதியது தகவலாகப் பிழை, அவள் வாழ்ந்த நிலையாக முழு உண்மை. இவை இரண்டையும் ஒருசேர மனத்தில் வைக்க முடிகிற பதினைந்து வயதுப் பிள்ளையை நான் நன்றாகக் கற்றவர் என்பேன்.

இணையத்தில் தேடும் மாணவர்கள், ஆனின் நாட்குறிப்பு போலி என்ற கூற்றையும் ஒருநாள் சந்திப்பார்கள். போருக்குப்பின் பரவிய பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம். நெதர்லாந்தின் தடய அறிவியல் ஆய்வகம் தாள், மை, பசை, கையெழுத்து ஆகியவற்றைச் சோதித்து நாட்குறிப்பு ஆன் எழுதியதே என்று முடிவு செய்தது. அதன் விவரங்கள் 1986-இல் வெளியான ஆய்வுப் பதிப்பில் இடம்பெற்றன. பந்துமுனைப் பேனா எழுத்து இருந்தது, தாள்களுக்கிடையே பின்னாளில் செருகப்பட்ட இரண்டு துண்டுச் சீட்டுகளில் மட்டுமே. இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சான்றைச் சோதிப்பது எப்படி, சந்தேகத்தை விதைப்பது எப்படி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று பேச இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது.

மனப்பாரம் பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நான் இந்த நூலை முழுதாகக் கொடுக்கமாட்டேன். அதற்கு மேற்பட்டவர்களிடமிருந்து மறைக்கவும் மாட்டேன். பருவமடைதல் குறித்தும் உடல் குறித்தும் பீட்டர் மேல் வந்த ஈர்ப்பு குறித்தும் ஆன் வெளிப்படையாக எழுதிய சில பகுதிகளை ஓட்டோ முதல் பதிப்பில் தவிர்த்தார். 1991-இல் வந்த விரிவான பதிப்பில் அவை இடம்பெற்றன. சில பெற்றோர் தயங்குவது இவற்றுக்காகத்தான். பத்தாம் வகுப்பு மாணவி தன்னைப் பற்றித் தானே வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் கேட்காத கேள்விகளை, ஒரு பெண் இவ்வளவு இயல்பாகவும் கண்ணியமாகவும் எழுதியிருக்கிறாள் என்று அறிவதில் எந்தத் தீங்கும் இல்லை என்றே நினைக்கிறேன். பிள்ளைகளைத் தாக்குவது நூலுக்குள் இருப்பதைவிட, அது முடிந்தபின் வரும் வெறுமைதான். கடைசிப் பதிவைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பதிப்பாளரின் குறிப்பு வருகிறது. அந்த இடத்தில் மாணவர் தனியாக இருக்கக்கூடாது. கடைசி இருபது பக்கங்களையாவது வகுப்பிலோ வீட்டிலோ பெரியவர் ஒருவரோடு சேர்ந்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கச் சொல்வதைவிட, மேசைத் தகராறு வரும் 1943 ஜூலை 13 பதிவிலிருந்து தொடங்கினால் பிள்ளைகள் எளிதில் உள்ளே வருகிறார்கள். பிறகு தொடக்கத்துக்குப் போகலாம். நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் அன்றன்று ஆனுக்குத் தெரிந்திருந்ததை எழுதச் சொல்லுங்கள். அதே நாளில் வெளியே நடந்துகொண்டிருந்ததைத் தேடி வலப்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஐந்தாறு பதிவுகள் என்று எடுத்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் நூல் முடிந்துவிடும். தேர்வு வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். இரண்டு பக்கங்களுக்கும் நடுவே மாணவர் தாமாகக் கேட்டு எழுதும் கேள்விகளை மட்டும் ஆசிரியர் படித்துப் பதில் சொன்னால் போதும்.